ஏசி ரூம்ல ஒட்டின மாடல், காரிடார்ல ஸ்ப்ரே அடிச்சதும் ஏன் வெள்ளையா பூக்குது?

முதல்ல நீங்க கேட்டதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை சொல்லிடுறேன். பாசிர் ரிஸ்ல ஃபோர் ரூம் வீடு, நீங்களும் உங்க பொண்ணும் சேர்ந்து ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட 1/72 (நிஜத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் ஒண்ணை பெட்ரூம்ல ஏசி போட்டுக்கிட்டு ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, டீக்கால் (தண்ணியில நனைச்சு ஒட்டுற சின்னங்கள்) எல்லாம் போட்டு முடிச்சிருக்கீங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல அதை அப்படியே தூக்கிட்டுப் போய் காரிடார்ல வச்சு மேட் கிளியர் ஸ்ப்ரே (பளபளப்பை அடக்குற நிறமில்லாத வார்னிஷ்) அடிச்சதும் அஞ்சு நிமிஷத்துல ரெக்கை பூரா வெள்ளையா பூத்துருச்சு. கேட்டவங்க எல்லாம் சிங்கப்பூர் ஹியூமிடிட்டி அப்படித்தான், ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயிண்ட் தெளிக்கிற சின்ன கன்) வாங்கு, டீஹியூமிடிஃபையர் வாங்குன்னு சொல்றாங்க. கூடவே பொண்ணு பெயிண்ட் பண்ற சின்ன பொம்மைங்களுக்கு நம்ம ஆளுங்க நிறத்துல முகம் வரமாட்டேங்குதுன்னும், அடுத்ததா சிங்கப்பூர் சம்பந்தப்பட்ட விமானம் எது கட்டலாம்னும் கேட்டிருக்கீங்க. ஆனா இதுக்கெல்லாம் அடியில இருக்குற கேள்வி, இந்த ஊர் காத்துல இந்த ஹாபி சரிவருமா, சரிவரணும்னா ஆயிரம் வெள்ளி எடுத்து வைக்கணுமான்றதுதான்னு நினைக்கிறேன். சரிவரும், எடுத்து வைக்க வேணாம். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் துவாஸ் பக்கம் கப்பல் யார்டுல பெயிண்டிங் இன்ஸ்பெக்டரா ரொம்ப வருஷமா இருக்கேன். கப்பலோட அடிப்பக்கம், டேங்க் உள்பக்கம் இங்கெல்லாம் பெயிண்ட் அடிக்கலாமா வேணாமான்னு சொல்றது, அடிச்ச பிறகு எத்தனை மைக்ரான் நிக்குதுன்னு பாக்குறது, இதுதான் பொழைப்பு. மாடல் கட்டுறது வீட்டுக்கு வந்த பிறகு, பெரும்பாலும் 1/72 விமானமும் 1/35 டாங்கியும், முக்கால்வாசி பிரஷ்லதான். அதனால பெயிண்ட் ஏன் இப்படி நடந்துக்குதுன்றதுல நான் தைரியமா பேசுவேன், ஏர்பிரஷ் விஷயத்துல கைப்பழக்கம் கம்மி, ரெசின் பிரின்டர் பக்கம் போனதே இல்ல, அதனால அதைப் பத்தி இங்க எதுவும் சொல்லப் போறதில்ல.

யார்டுல காலையில டூல்பாக்ஸ் மீட்டிங் முடிஞ்சதும் முதல் வேலை மூணு நம்பர் எடுக்குறது. காத்தோட சூடு, ஹியூமிடிட்டி, இரும்போட சூடு. முதல் ரெண்டை வச்சு டியூ பாயின்ட் கணக்குப் பண்ணுவோம், அதாவது ஒரு பொருள் எந்த அளவுக்குக் கீழ குளிர்ந்தா காத்துல இருக்குற ஈரம் அது மேல தண்ணியா இறங்குமோ அந்த அளவு. இரும்பு அதை விட குறைஞ்சது 3 டிகிரி சூடா இருக்கணும், ஹியூமிடிட்டி 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இல்லேன்னா ஸ்ப்ரே கன்னை யாரும் தொடக் கூடாது. இப்ப சிங்கப்பூரைப் பாருங்க. விடிகாலையில ஹியூமிடிட்டி 90க்கு மேல, மழை இல்லாத மத்தியானம் 60 கிட்ட. பார்த்தா ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமா இருக்கு, ஆனா கணக்குப் போட்டா 26 டிகிரியும் 93 சதவீதமும் இருக்குற விடிகாலைக்கு டியூ பாயின்ட் கிட்டத்தட்ட 25, 32 டிகிரியும் 60 சதவீதமும் இருக்குற மத்தியானத்துக்கு 23 சொச்சம். காத்துல இருக்குற தண்ணி பெருசா குறையவே இல்ல பாத்தீங்களா. மாறுறது காத்தோட சூட்டுக்கும் டியூ பாயின்ட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி, காலையில 1 டிகிரி, மத்தியானம் 8, 9 டிகிரி. பெயிண்ட்டுக்கு வேண்டியது அந்த இடைவெளிதான், ஹியூமிடிட்டின்னு தனியா ஒரு நம்பரைப் பாத்து பயப்படுறதுல அர்த்தம் இல்ல.

இப்ப உங்க ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். ஏசி 23, 24ல ஓடுற ரூம்ல அது சாயங்காலம் முழுக்க இருந்திருக்கு, பிளாஸ்டிக்கும் அதே சூட்டுக்கு வந்திருக்கும். ராத்திரி காரிடார் 28 டிகிரி, 85 சதவீதம்னு வச்சுக்குங்க, டியூ பாயின்ட் 25. நீங்க கதவைத் திறந்து வெளிய கொண்டு வந்த நிமிஷமே அந்த ரெக்கை டியூ பாயின்ட்டுக்குக் கீழ இருக்கு, வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. மால்ல இருந்து வெளிய வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குது இல்ல, அதேதான், கண்ணாடியில தெரியுறது பெயிண்ட் அடிச்ச ரெக்கையில கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இது போதாதுன்னு ஸ்ப்ரே கேன் வேற. உள்ள இருக்குற கேஸும், பெயிண்ட்டைக் கரைச்சு வச்சிருக்குற சால்வென்ட்டும் சட்டுனு ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும், அதனாலதான் அடிக்க அடிக்க கேன் கையில சில்லுன்னு ஆகுது, அதே குளிர்ச்சி மாடல் மேலயும் விழுது. காயாத லாக்கருக்குள்ள (சால்வென்ட் ஆவியாகி சட்டுனு காயுற பெயிண்ட்) தண்ணி போனா பெயிண்ட்ல இருக்குற ரெசின் ஒழுங்கா மெல்லிசு ஏடா படியாம சின்னச் சின்னதா திரிஞ்சு போகும், அதுல வெளிச்சம் சிதறி வெள்ளையா தெரியும். இதுக்குப் பேர் பிளஷிங்.

ஆனா நீங்க அனுப்பின போட்டோவை மட்டும் பாத்து இது பிளஷிங்தான்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஏன்னா வெள்ளையா வர்றதுக்கு இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. மேட் வார்னிஷ்ல பளபளப்பை அடக்குறதுக்குன்னு நைஸா ஒரு பொடி கலந்திருப்பாங்க, பெரும்பாலும் சிலிக்கா. கேனை சரியா குலுக்காம அடிச்சாலோ ஒரே இடத்துல கனமா அடிச்சாலோ அந்தப் பொடி மொத்தமா தேங்கி வெள்ளையா நிக்கும். இன்னொண்ணு, ரொம்ப தூரத்துல இருந்து அடிச்சா துளி வழியிலேயே காஞ்சு தூசியா வந்து ஒட்டும். வித்தியாசம் கண்டுபிடிக்க நகத்தால மெதுவா தடவிப் பாருங்க. வழுவழுன்னு இருந்து உள்ளுக்குள்ள பால் மாதிரி மங்கலா இருந்தா பிளஷிங். சொரசொரன்னு இருந்து துணியில கொஞ்சம் வந்தா காஞ்ச தூசி. ரெக்கை உடம்போட சேர்ற மூலை, பேனல் கோடு (தகடுங்க சேர்ற இடத்துக் கோடு) இந்த மாதிரி பள்ளத்துல மட்டும் வெள்ளை தேங்கி, உசரமான இடத்துல சரியா இருந்தா அது மேட் பொடி. நீங்க சொல்றது ரெக்கை முழுக்க ஒரே சீரா, அஞ்சு நிமிஷத்துல, ஏசி ரூம்ல இருந்து வந்த உடனே. அதனால நான் பிளஷிங் பக்கம்தான் சாயுறேன்.

காப்பாத்த முடியுமான்னா, பல தடவை முடியும், பொண்ணுகிட்ட இன்னும் குப்பையில போட வேணாம்னு சொல்லுங்க. சுலபமானதை முதல்ல பண்ணுங்க. தண்ணி கலக்குற அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை பிரஷ்ல மெல்லிசா, ரெக்கைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒரு ரெண்டு சென்டிமீட்டர் தடவிப் பாருங்க. வெள்ளை மறைஞ்சுதுன்னா முழுக்க அதையே பண்ணலாம், மேட் பொடியால வந்ததுன்னா பெரும்பாலும் இதுலேயே சரியாகிடும், ஒரு நாள் காய விட்டு மேல மேட் வார்னிஷ் திரும்பப் போட்டுக்கலாம். இதுக்கு மசியலேன்னா மழை இல்லாத மத்தியானமா பாத்து, அதே கம்பெனி லாக்கர் கிளியரை, மேட் இல்ல கிளாஸ், தூறல் மாதிரி ஒரே ஒரு மெல்லிசு கோட் அடிச்சா பழைய ஏடு கொஞ்சம் இளகி உள்ள மாட்டின ஈரம் வெளியேற வழி கிடைக்கும். இதுல ஆபத்து இருக்கு, கனமா போட்டா லாக்கர் டீக்காலைச் சுருக்கிடும், கீழ இருக்குற அக்ரிலிக்கையும் கலைக்கும், அதனாலதான் ரெண்டாவதா சொல்றேன். ஆலிவ் எண்ணெய் தடவினா வெள்ளை போகும்னு வீடியோ எல்லாம் வரும், கண்ணுக்குப் போகும்தான், ஆனா எண்ணெய் மேல அடுத்த கோட் பிடிக்காது, யார்டுல எண்ணெய்க் கையோட பேனலைத் தொட்டாலே எங்களுக்கு ரத்தம் கொதிக்கும், எனக்கு அந்த வழி பிடிக்கல.

அடுத்த தடவைக்கு ஒரே ஒரு பழக்கம் மாத்தினா போதும். ஸ்ப்ரே அடிக்கப் போற இடத்துல மாடலை ஒரு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் முன்னாடியே கொண்டு வந்து வைங்க. சும்மா திறந்து வைக்காம ஏசி ரூம்லேயே ஒரு மூடி போட்ட டப்பாவுக்குள்ள வச்சு மூடி, டப்பாவோட வெளிய எடுத்து வைங்க, அப்ப வேர்க்கறது டப்பாவுக்கு வெளிய வேர்க்கும், மாடல் காஞ்சபடியே சூடேறிக்கும். கேனையும் வெதுவெதுன்னு இருக்குற குழாய்த் தண்ணியில கொஞ்ச நேரம் நிக்க வச்சு, நல்லா துடைச்சு, ஒரு ரெண்டு நிமிஷம் குலுக்குங்க. கொதிக்கிற தண்ணி, அடுப்புப் பக்கம் எல்லாம் கூடவே கூடாது, அது பிரஷர் டப்பா. நேரம்னு பாத்தா மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு, மழை வர்ற மாதிரி இருந்தா தள்ளிப் போடுங்க. பத்துப் பதினஞ்சு வெள்ளிக்குக் கிடைக்கிற சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (ஹியூமிடிட்டி காட்டுற மீட்டர்) ஒண்ணு ஜன்னல் பக்கம் வச்சீங்கன்னா டீஹியூமிடிஃபையரை மறந்துடலாம். வழக்கமா இங்க மழை ரொம்பக் கம்மியா இருக்குறது பிப்ரவரி, டிசம்பர் ஜனவரி மழையில ஸ்ப்ரே கேனை எடுக்காம ஒட்டுற வேலை, ராவுற வேலை பாக்கலாம்.

அப்படின்னா ஏசி ரூம்லேயே அடிச்சா என்னன்னு கேப்பீங்க. பெயிண்ட் கணக்குல பாத்தா அது நல்ல இடம்தான், 25 டிகிரி 60 சதவீதம்னா டியூ பாயின்ட் 17 கிட்ட, இடைவெளி தாராளமா இருக்கு. ஆனா நம்ம வீட்டு ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள இழுக்காது, ரூம் காத்தையே சுத்திச் சுத்தி விடும், லாக்கர் வாடை எங்கயும் போகாது, பிள்ளை படுக்குற ரூம்ல அதைப் பண்ணவே பண்ணாதீங்க. என்95 மாஸ்க் தூசியை, துளியை நிறுத்தும், சால்வென்ட் ஆவியை நிறுத்தாது, அதுக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்தான் வேணும், இதுல எனக்குத் துளியும் சந்தேகம் இல்ல, யார்டுல தினமும் அடிச்சுக்கிட்டே சொல்றதும் இதுதான். காரிடார்னா பக்கத்து வீட்டு ஷூ ரேக், செடி, அப்புறம் அவங்க முகம். சர்வீஸ் யார்டு ஜன்னல்ல இருந்து அடிச்சா கீழ் வீட்டு மூங்கில் கம்புல காயிற துணி. ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் படுக்க வச்சு உள்ளுக்குள்ள அடிச்சா துளி அதிலேயே நிக்கும், வாடை நிக்காது.

அதனால உங்க இடத்துல நான் இருந்தா கேனையே விட்டுடுவேன். பிரஷ்ல போடுற தண்ணி மேட் வார்னிஷ், வயேஹோ மாதிரி கம்பெனிங்களோடது, வாடை ரொம்பக் கம்மி, ஏசி ரூம்லேயே போடலாம், இந்த பிளஷிங் தலைவலி இல்ல. பாட்டிலோட அடியில மேட் பொடி படிஞ்சிருக்கும், அது முழுக்கக் கரையுற வரைக்கும் குலுக்கணும், மெல்லிசா ரெண்டு கோட், முதல் கோட் நல்லா காஞ்ச பிறகுதான் ரெண்டாவது. அவ்வளவுதான்.

மெல்லிசுன்னு சொல்றப்ப ஒரு கணக்கு. 1/72ல நீங்க 0.1 மில்லிமீட்டர் பெயிண்ட் போட்டா அது நிஜ விமானத்துல 7.2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சமம். நிஜத்துல விமானத்து மேல இருக்குற மொத்த பெயிண்ட்டே சாதாரணமா 0.1 மில்லிமீட்டர் கிட்டதான் வரும். ஏர்ஃபிக்ஸ் பேனல் கோடெல்லாம் பெயிண்ட் முழுங்கிடுச்சுன்னு புலம்புறவங்க பெரும்பாலும் பாட்டில்ல இருந்து நேரா எடுத்துப் பூசுறவங்க. கொஞ்சம் தண்ணி சேர்த்து, முதல் கோட் திட்டுத்திட்டா அசிங்கமா தெரிஞ்சாலும் பதறாம விட்டு, காஞ்ச பிறகு அடுத்தது. காயிறதுலயும் நம்ம ஊர் ஒரு வேலை காட்டும், தண்ணி பெயிண்ட் ஈரக் காத்துல மெதுவாதான் காயும், தொட்டா ஒட்டலைன்னு நம்பி மாஸ்கிங் டேப் ஒட்டாதீங்க, ஒரு ராத்திரி விடுங்க. இன்னொண்ணு, எல்லா அக்ரிலிக்கும் ஒண்ணு இல்ல. டாமியா கம்பெனியோட குட்டி ஜாடி அக்ரிலிக் ஆல்கஹால் சேர்ந்தது, ஏர்பிரஷ்ல அருமை, பிரஷ்ல ரெண்டாவது கோட் போட்டா முதல் கோட்டைக் கிளப்பிட்டு வந்துடும். வயேஹோ மாடல் கலர் பிரஷ்ஷுக்குன்னே இருக்கு. ஆரம்பத்துல பெயிண்ட் விஷயத்துல கை சரியில்லைன்னு நினைச்சுக்குறவங்க நிறைய பேருக்கு பிரச்சினை கையில இல்ல, ஜாடியில.

ஏர்பிரஷ் வேணுமான்னா, இப்ப வேணாம். சீரான மெல்லிசு கோட்டும் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள்ள கரையுறதும் அதுல வர்ற மாதிரி பிரஷ்ல வராது, அதை ஒத்துக்குறேன். ஆனா அது உங்க வெள்ளைப் பூப்புக்கு மருந்து இல்ல, லாக்கரை ஏர்பிரஷ்ல அடிச்சாலும் குளிர்ந்த மாடல்னா பூக்கத்தான் செய்யும். போதாததுக்கு நம்ம ஊர்க் காத்தை அமுக்கினா காம்ப்ரஸர் டேங்க்லயும் ஹோஸ்லயும் தண்ணி இறங்கும், மாய்ஸ்ச்சர் டிராப் (ஹோஸ்ல தண்ணியைப் பிடிச்சு நிறுத்துற வடிகட்டி) இல்லாம அடிச்சா பெயிண்ட் நடுவுல பொட்டுன்னு ஒரு தண்ணித் துளி வந்து விழும், வேலை முடிஞ்சதும் டேங்க் தண்ணியை வடிக்கணும். யார்டுல ஏர்லெஸ் ஸ்ப்ரே மெஷின் 2000, 3000 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஓடும், ஏர்பிரஷ்ல 15, 20தான், அந்தச் சின்ன அழுத்தத்துல பெயிண்ட் எவ்வளவு தண்ணியா கலக்கணும்ன்றதுக்கு என்னைவிட தினமும் அடிக்கிறவங்க சொன்னா நல்லது. எனக்குத் தெரிஞ்சு லாக்கருக்குன்னா ரிட்டார்டர் கலந்த தின்னர், மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் மாதிரி, மெதுவா ஆவியாகும், அதனால குளிர்ச்சியும் கம்மி, பூக்குறதும் கம்மி. மிச்ச தின்னரை சிங்க்ல, டாய்லெட்ல ஊத்தாதீங்க.

பொண்ணு கூட பண்றீங்கன்றதால பசை பத்தி ரெண்டு வார்த்தை. பச்சை மூடி டாமியா எக்ஸ்ட்ரா தின் பிளாஸ்டிக்கை இளக்கி ஒண்ணோட ஒண்ணு சேர்த்துடும், ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு பிரஷ் நுனியை இடுக்குல வச்சா தானா ஓடிடும், ஆனா வாடை உண்டு, ஜன்னல் திறந்து வைங்க. லைமொனீன் பசைன்னு ஆரஞ்சுத்தோல் வாசனையோட ஒண்ணு இருக்கு, பிள்ளைங்களுக்கு அது கொஞ்சம் தேவலை, மெதுவா பிடிக்கும். காக்பிட் கண்ணாடிக்கு சூப்பர் குளூ போடாதீங்க, அதோட ஆவி கண்ணாடியில படிஞ்சு வெள்ளையா மங்கிடும், உங்களுக்கு இன்னொரு வெள்ளை வேணாம், ஸ்கூல் வெள்ளைப் பசையே போதும், காஞ்சா தெரியாது. பிரஷ்ஷை வாயில வச்சு நுனி கூர் பண்ற பழக்கம் நிறைய பேர்கிட்ட பாக்கலாம், பொண்ணுக்கு அது வரவிடாதீங்க, சில நிறமிகள்ல காட்மியம், கோபால்ட் எல்லாம் இருக்கு. யாராவது பழைய உலோகப் பொம்மை கொடுத்தா அதுல ஈயம் இருக்கலாம், ராவினா தண்ணியில நனைச்சு ராவி கையைக் கழுவணும்.

இப்ப முகம். உண்மையைச் சொன்னா எனக்கு உங்க கேள்வியிலேயே ரொம்பப் பிடிச்சது இதுதான். 28 மில்லிமீட்டர் பொம்மையில முகம் நாலு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுல நம்ம நிறம் கொண்டு வரணும். செட்டுல வர்ற ஃபிளெஷ் பெயிண்ட் எல்லாம் வெள்ளைக்காரன் தோலுக்குக் கலந்த இளஞ்சிவப்பு. அதுல கறுப்பைக் கலந்து கருமையாக்கப் பாத்தா அழுக்குச் சாம்பல்தான் வரும், ஏன்னா கறுப்பு நிறத்தோட உயிரையே எடுத்துடும். முகத்துல வெளிச்சம் படுற மேடான இடத்துக்கு வெள்ளையைக் கலந்தா திருநீறு பூசின மாதிரி வெளிறிப் போகும், வெள்ளை நிறத்தைக் குளிர வச்சுடும், நம்ம தோலு சூடான நிறம். அதனால ரெண்டு பாட்டிலையும் எடுத்து உள்ள வச்சுடச் சொல்லுங்க, முகம் முடியுற வரைக்கும் வெளிய எடுக்கவே கூடாது.

பர்ன்ட் அம்பர் (கரும்பிரவுன்), பர்ன்ட் சியென்னா (செம்பிரவுன்), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அப்புறம் கொஞ்சம் ஆரஞ்சு, இந்த நாலு போதும். மாநிறத்துக்கு சியென்னாவும் அம்பரும் சரிசமமா, அதுல ஒரு சொட்டு ஓக்கர், இதை முகம் முழுக்க மெல்லிசா ரெண்டு கோட். நல்ல கறுப்புன்னா அம்பர் ஜாஸ்தி, சியென்னா கொஞ்சம், ஓக்கர் வேணாம். நிழலுக்கு அம்பர்ல ஊதாவோ கருநீலமோ துளியூண்டு கலந்து நல்லா தண்ணியாக்கி கண் பள்ளம், மூக்குக்கு ரெண்டு பக்கம், தாடைக்குக் கீழ. மேட்டுக்கு அடி நிறத்துலேயே ஓக்கரும் ஆரஞ்சும் கூட்டிக்கிட்டே போங்க, நெத்தி, மூக்குத்தண்டு, கன்னத்து எலும்பு. கறுப்புத் தோலுல வெளிச்சம் பரவி நிக்காது, சின்ன இடத்துல பளிச்சுனு நிக்கும், கண்ணாடி முன்னாடி பக்கவாட்டுல ஒரு லைட் போட்டுப் பாருங்க தெரியும். அதனால கடைசி மேட்டுப் புள்ளி மூக்கு நுனியிலயும் கீழ் உதட்டுலயும் ரொம்பச் சின்னதா, ஆனா துணிச்சலா வைக்கணும், பயந்து பயந்து வச்சா முகம் தட்டையாவே நிக்கும். உள்ளங்கை தெரியுற பொம்மைன்னா அங்க ஒரு படி இளசா. கண்ணுக்கு சுத்த வெள்ளை வேணாம், கொஞ்சம் பிரவுன் கலந்த பழுப்பு வெள்ளை, இல்லேன்னா முழிச்சுப் பாக்குற மாதிரி ஆகிடும். பிரஷ் ரொம்பச் சின்ன நம்பர் வாங்க வேணாம், மூணு பூஜ்யம் பிரஷ்ல பெயிண்ட் நுனிக்கு வர்றதுக்குள்ள காஞ்சுடும், ஏசி ரூம்ல இன்னும் மோசம். 1 நம்பர்ல நுனி கூரா இருக்குற நல்ல பிரஷ் ஒண்ணு போதும்.

காசு கணக்குக்கு வந்தா, ஒரு நல்ல கட்டர், கத்தி, ரெண்டு மூணு ராவுற ஸ்டிக், பசை, ஒரு நல்ல பிரஷ் ஒரு சாதா பிரஷ், ஆறேழு பெயிண்ட், ரெண்டு வார்னிஷ், இதெல்லாம் என் கணக்குல நூறு வெள்ளி சுத்தி முடிஞ்சுடும், கிட் தனி. பெயிண்ட் காயாம வைக்கிற ஈரத் தட்டு கடையில வாங்க வேணாம், மூடி போட்ட டப்பாவுல நனைச்ச கிச்சன் பேப்பர், மேல பேக்கிங் பேப்பர், தண்ணியை மட்டும் ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்துங்க, நம்ம ஊர்ல பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். ஸ்ப்ரே கேனை வெளிநாட்டுல ஆர்டர் பண்ணி ஏமாறாதீங்க, எரியக்கூடிய பொருள்னு விமானத் தபால்ல எடுத்துக்க மாட்டாங்க, இங்கேயே ஹாபி கடையில வாங்குங்க.

கடைசியா எந்த விமானம்னு கேட்டீங்களே. 1941, 42ல சிங்கப்பூரைக் காக்கப் பறந்ததுல ஸ்பிட்ஃபயர் கிடையாது. முதல்ல பிரூஸ்டர் பஃபலோ, அப்புறம் ஹரிக்கேன். குட்டையா, உருண்டையா, அழகுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க அந்த பஃபலோவை, ஆனா நியூசிலாந்துக்காரங்களோட 488 ஸ்குவாட்ரன் காலாங்ல இருந்து பறந்துச்சு, ஆஸ்திரேலியாவோட 453 செம்பவாங்ல இருந்து. காலாங்ல இன்னைக்கு ஸ்டேடியத்துக்கு மேட்ச் பாக்கப் போறப்ப பொண்ணுகிட்ட சொல்லலாம். மேல் பக்கம் பச்சையும் பிரவுனும் திட்டுத்திட்டா, பிரஷ்ஷுக்கு நல்ல பழக்கம். ஆசியப் பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்கள்ல ஜப்பான்காரனோட சிவப்பு வட்டத்தோட குழம்பாம இருக்க, ரெக்கையிலயும் உடம்புலயும் போடுற வட்டச் சின்னத்துல இருந்த சிவப்பை எடுத்துட்டாங்க, ஆனா அது பின்னாடி நடந்தது, சிங்கப்பூர் பஃபலோவுக்கு சிவப்பு உண்டு. 1/72ல ஏர்ஃபிக்ஸ் பஃபலோ பழைய மோல்ட் (அச்சு), பழைய பொருள் விக்கிற கேரோசெல் ஆப்ல யாராவது விப்பாங்க, டாமியா 1/48லயும் ஒண்ணு போட்டிருக்காங்க. பழைய கிட் வாங்கினா முதல்ல டீக்கால் ஷீட்டை எடுத்துப் பாருங்க, மஞ்சளாகியிருந்தா ஜிப் பையில போட்டு வெயில் படுற ஜன்னல் கண்ணாடியில சில நாள் ஒட்டி வச்சா பெரும்பாலும் வெளுத்துடும், அப்புறம் அதே பையில சிலிக்கா ஜெல் ஒண்ணு போட்டு கட்டுற வரைக்கும் மூடி வைங்க.